கையைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது

வவுணதீவுப் பக்கம் பெரும்போக அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடந்த ஒரு வட்டைக்குள், இடது கைக் கடிகாரப் பட்டியின் கீழ் ஆறங்குல மர அடிமட்டமொன்றைச் செருகிக்கொண்டு, பந்தே இல்லாமல் கோல்ப் மட்டையை மெதுவாக உயர்த்துவதும் தாழ்த்துவதுமாக நின்ற என்னைப் பார்த்து, மாடு சாய்க்க வந்த பெரியவர் ஒருவர் "என்ன தம்பி, காணியா அளக்கிறீங்க?" என்று கேட்டார். நில அளவைதான் என் தொழில் என்பதால் அவருடைய கேள்வியில் பிழை எதுவும் இருக்கவில்லை. ஆனால் அன்று நான் அளந்துகொண்டிருந்தது என் மணிக்கட்டை. ஏழு ஆண்டுகளாக வலப்பக்கம் வளைந்தோடிய பந்துகளுக்குக் காரணம் மணிக்கட்டில் இருக்கிறது என்று நம்பியிருந்த நான், அது மட்டையைப் பிடித்த விதத்தில் இருந்தது என்பதை அந்த அடிமட்டத்தைக் கொண்டுதான் உறுதிப்படுத்திக்கொண்டேன். மணிக்கட்டைத் திருத்துவதற்காக நான் செலவழித்த நாட்களை இன்னொருவர் செலவழிக்காமல் இருக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கோல்ப் நம்மூர் விளையாட்டு அன்று. மட்டக்களப்பில் திடல் எதுவும் கிடையாது. கிழக்கில் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையினரின் திடல் உண்டு. மற்றபடி 1879இல் காலிமுகத்தில் தொடங்கிய கொழும்புக் கழகம், 1889இல் தோன்றிய நுவரெலியாக் கழகம், கண்டிக்கு அப்பால் விக்டோரியா நீர்த்தேக்கத்தையொட்டிய திடல் என்று தொலைவில்தான் தேடிப் போக வேண்டும். நான் பழகியது டுபாயில். 2009இல் அங்கே வேலைக்குப் போனபோது, உடன் வேலை செய்த அயர்லாந்துக்காரர் ஒருவர் மாலை நேரங்களில் பந்தடிக்கும் பயிற்சித் திடலுக்கு என்னையும் அழைத்துச் செல்வார். 2016இல் நான் ஊர் திரும்பும்போது, தம்முடைய பழைய மட்டைத் தொகுதியை அவரே எனக்குத் தந்துவிட்டார். கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்த நாளில், அம்மா அதைத் தூண்டில் கம்புகள் என்று நினைத்தார்.

நான் மட்டையைப் பிடித்த விதம் டுபாயில் உருவானதன்று. பள்ளி நாட்களில் ஆடிய கிரிக்கெட் என் கைக்குள் விட்டுச்சென்ற பழக்கம் அது. கைப்பிடியை இரு உள்ளங்கைகளின் நடுவே வைத்து, ஐந்து விரல்களாலும் சுற்றி இறுக்கிப் பிடிப்பேன். மேலேயிருக்கும் இடது கையைப் பார்த்தால் ஆள்காட்டி விரலின் அடியிலுள்ள ஒரேயொரு கணு மட்டும் தெரியும். வலக்கைக்காரர் எவரும் மட்டையைப் பந்தின் பின்னால் வைத்துக் குனிந்து பார்க்கும்போது, இடது புறங்கையில் விரல்கள் தொடங்கும் இடத்தில் புடைத்து நிற்கும் கணுக்களில் எத்தனை தெரிகின்றன என்பதைக்கொண்டே பிடியின் வகையைச் சொல்லிவிடலாம். ஒன்று தெரிந்தால் அது தளர்பிடி; இரண்டு தெரிந்தால் நடுப்பிடி; மூன்றோ அதற்கு மேலோ தெரிந்தால் வன்பிடி. வன்மை, தளர்ச்சி என்ற இந்தப் பெயர்களுக்கும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதற்கும் தொடர்பில்லை. கை எந்தப் பக்கம் உருண்டிருக்கிறது என்பதையே அவை குறிக்கின்றன. இந்தப் பெயர்களை வைத்தவர் யாராக இருந்தாலும் புதிதாகப் பழகுவோருக்கு நன்மை செய்யவில்லை. "வன்பிடி" என்று கேட்டவுடன் இன்னும் இறுக்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

தளர்பிடியோடு நான் அடித்த பந்து நேராகப் புறப்பட்டு, பாதி வழியில் மனம் மாறியதுபோல வலப்பக்கம் வளைந்து போகும். இதை ஸ்லைஸ் என்பார்கள். பந்து எந்தத் திசையில் புறப்படுகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். நீளமான மட்டைகளில் ஏறத்தாழ 85 வீதமும் இரும்பு மட்டைகளில் ஏறத்தாழ 75 வீதமும் அதன் பங்கு. எஞ்சியது மட்டை வந்த பாதையின் பங்கு. அந்தப் பாதைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் பந்தை வளைக்கிறது. பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே. அதற்குள் கையால் எதையும் திருத்த முடியாது. அளவைக்காரனுக்கு இது புதிய பாடமன்று. கோணமளக்கும் கருவியான தியோடலைட்டை நிலைநிறுத்தும்போது ஒரு பாகை பிழைத்தால் 200 மீற்றர் தூரத்தில் புள்ளி மூன்றரை மீற்றர் விலகிப் போகும் என்பதை நாங்கள் முதலாண்டிலேயே படித்துவிடுகிறோம். ஐந்து பாகை பிழைத்தால் 150 மீற்றரில் பதின்மூன்று மீற்றர் விலகும். அவ்வளவு தெரிந்த நான், தொடக்கப் பிழையைத் தொடக்கத்தில் தேடாமல் நடுவழியில் தேடினேன்.

அந்த நடுவழித் தேடல் காணொளிகளில் தொடங்கியது. 2016இல் அமெரிக்க ஓப்பன் கோல்ப் போட்டியை வென்ற டஸ்டின் ஜோன்சன், வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக வில்போல் வளைத்து வைத்திருப்பதை மெதுவான காட்சிகளில் பார்த்தேன். அப்படி வளைத்தால் மட்டையின் முகம் மூடும், அதாவது இடப்பக்கம் திரும்பும். எனக்கோ முகம் திறந்துகொள்வதுதான், அதாவது வலப்பக்கம் திரும்பிவிடுவதுதான் நோய். ஆகவே மருந்து கிடைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். காலையில் காற்று எழுவதற்கு முன் கல்லடிக் கடற்கரைக்குப் போய், ஈர மணலில் நின்று, மணிக்கட்டை வலிந்து வளைத்து வீசிப் பழகினேன். சில பந்துகள் நேராகப் போயின. சில பந்துகள் முழங்கால் உயரத்தில் இடப்பக்கம் பாய்ந்தன. வளைக்க மறந்தவை பழையபடி வலப்பக்கம் போயின. பிளாஸ்டிக் பந்துகள் என்பதால் எவருக்கும் எதுவும் ஆகவில்லை. உண்மையான பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம்தான் என்றாலும், அது ஒருவரின் நெற்றியில் பட்டால் ஆளையே சாய்த்துவிடும். ஆட்கள் நடமாடும் கடற்கரையில் அதை அடிக்கவே கூடாது.

இப்படி ஒன்றரை ஆண்டு கழிந்தபோது மணிக்கட்டு தன் கணக்கைக் கேட்டது. இடது பெருவிரலின் அடியிலிருந்து முன்கை நோக்கி ஒரு வலி ஏறியது. தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போதுகூடக் குத்தியது. பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி, அந்தக் கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கச் சொன்னார் வைத்தியர். சாய்த்தவுடன் நான் கத்திவிட்டேன். பெருவிரலை இயக்கும் தசைநாண்கள் செல்லும் உறை வீங்கியிருக்கிறது என்று சொல்லி, பெருவிரலோடு மணிக்கட்டையும் அசையாமல் வைக்கும் பட்டையொன்றைக் கட்டி, ஆறு வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றார். இடது பெருவிரலைக் கைப்பிடியின் மேல் நீளமாக நீட்டி, இறுக்கி அழுத்தி, அதே நேரத்தில் மணிக்கட்டைப் பெருவிரல் பக்கமாக மடக்கி உயர்த்தியதன் விலை அது என்று பின்னர்தான் புரிந்தது. கோல்ப் ஆடுவோருக்கு முன்னே செல்லும் கையின் மணிக்கட்டில்தான் அதிகம் அடிபடுகிறது. வலக்கைக்காரருக்கு அது இடது மணிக்கட்டு.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில், மேட்டுத் தசைக்குள், கொக்கி வடிவமான ஒரு சிறு எலும்பு நீட்சி இருக்கிறது. மட்டையின் நுனியை உள்ளங்கைக்குள் புதைத்துப் பிடித்துக்கொண்டு இறுகிய தரையில் ஓங்கி அடித்தால், அந்த நுனி இந்தக் கொக்கியை மோதி முறிக்கக்கூடும். கைப்பிடியின் நுனி கைக்கு வெளியே ஒரு விரல் அகலமாவது நீண்டிருக்கும்படி பிடிப்பது நல்லது. கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் நம் வயல் களிமண் சீமெந்துத் தரைக்குச் சமமாக இறுகிவிடும். அந்தக் காலத்தில் நான் தென்னந்தும்புப் பாயை இரண்டாக மடித்து விரித்து, அதன் மேல்தான் பந்தை வைக்கிறேன்.

பட்டை கழன்ற பின் முதன்முதலில் மட்டையைத் தொட்டது நுவரெலியாவில். உறவினர் ஒருவரின் திருமணத்துக்குப் போயிருந்தபோது திடலைப் பார்க்கும் ஆசையில் போய், ஒன்பது குழிகள் மட்டும் ஆடுவதற்குப் பணம் கட்டினேன். என் பையைச் சுமந்து வந்தவர், அறுபதைத் தாண்டிய தோட்டத்துத் தமிழர். இந்நாட்டில் கோல்ப் பற்றிய ஆழமான அறிவு அதிகாரிகளின் கையேடுகளில் இருப்பதைவிடப் பை சுமப்பவர்களின் கண்களில் இருக்கிறது என்பது என் முடிவு. மூன்று குழிகள் வரை அவர் எதுவும் பேசவில்லை. நான்காவதிலும் பந்து வலப்பக்கத்துப் பைன் மரங்களுக்குள் போனபோது, மட்டையை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டு, "சேர், கைய சும்மா தொங்க விடுங்க" என்றார்.

நிமிர்ந்து நின்று இடது கையைத் தொங்கவிட்டேன். "இப்ப இடுப்புல இருந்து குனிஞ்சு அந்தக் கையப் பாருங்க. எத்தனை கணு தெரியுது?" என்றார். எண்ணினேன், மூன்று தெரிந்தன. "மட்டையப் புடிக்கும்போது ஒண்ணுதானே காட்டுறீங்க. மத்த ரெண்ட எங்க ஒளிச்சு வைக்கிறீங்க?"

அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. மட்டை வேகமாகச் சுழலும்போது அதன் தலை கைகளை வெளிநோக்கி இழுக்கிறது. அந்த இழுவையில் முன்கையும் கையும், தொங்கும்போது எந்த நிலையில் இருந்தனவோ அந்த இயல்பு நிலைக்குத் திரும்பவே முயல்கின்றன. தொங்கும்போது மூன்று கணு காட்டும் கையை நான் இடப்பக்கம் உருட்டி, ஒரு கணு மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, மட்டையின் முகத்தை இலக்குக்கு நேராக வைக்கிறேன். வீசி வரும்போது கை தன் இயல்புக்குத் திரும்பி வலப்பக்கம் உருள்கிறது. கையோடு கட்டப்பட்ட மட்டையின் முகமும் வலப்பக்கம் திறக்கிறது. மணிக்கட்டு எந்தக் குற்றமும் செய்யவில்லை. நான் போட்ட முடிச்சை அது ஒவ்வொரு முறையும் அவிழ்த்துக்கொண்டிருந்தது.

அவர் என் இடது கையைப் பிடித்து, கைப்பிடி சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மூட்டை நோக்கிச் சாய்வாகக் கிடக்கும்படி வைத்தார். உள்ளங்கையின் தடித்த மேடு கைப்பிடியின் மேல் ஏறி உட்கார்ந்தது. பிடி உள்ளங்கையை விட்டு விரல்களுக்கு இறங்கியவுடன் மட்டையின் தலை இலேசாகிவிட்டதுபோல் இருந்தது. அதற்குக் காரணமுண்டு. உள்ளங்கையின் நடுவே குறுக்காகப் பிடித்த மட்டையை மணிக்கட்டால் பெருவிரல் பக்கமாகத் தாராளமாக உயர்த்த முடியாது. முன்கையும் மட்டையும் ஒரே கோட்டில் இறுகிவிடுகின்றன. விரல்களில் பிடித்தால் இரண்டுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு கோணம் பிறக்கிறது. வலிந்து மடக்கத் தேவையில்லை. எனக்கு வலி வந்ததும் அந்த வலிந்த மடக்கலால்தான். பெருவிரலையும் சற்றுப் பின்னிழுத்து, கைப்பிடியின் உச்சிக்குச் சற்று வலப்பக்கமாக வைக்கச் சொன்னார்.

மூன்று கணு தெரியும் பிடியோடு ஊர் வந்தேன். வந்த முதல் வாரத்தில், வாழ்நாளில் அடிக்காத அளவுக்கு இடப்பக்கம் வளைந்த பந்துகளை அடித்தேன். இதை ஹூக் என்பார்கள். அவர் எனக்குப் பிழையாகச் சொல்லிவிட்டாரோ என்றுகூட ஐயுற்றேன். பிழை என்னுடையது. பிடியை மாற்றிய நான், தளர்பிடிக் காலத்தில் பழகிய வில் வளைவை மணிக்கட்டில் அப்படியே வைத்திருந்தேன். முன்பு திறந்த முகத்தை மூடுவதற்காகப் போட்ட வளைவு, இப்போது ஏற்கெனவே சரியாக இருந்த முகத்தை மேலும் மூடிவிட்டது. பிடியைப் பற்றி அக்கறையோடு சொல்பவர்களும் இந்த இரண்டாம் படியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பலர் புதிய பிடியை ஒரே வாரத்தில் கைவிடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அடிமட்டம் அப்போதுதான் கடிகாரப் பட்டிக்குள் நுழைந்தது. பாதி முன்கையின் மேலும் பாதி புறங்கையின் மேலும் கிடக்கும்படி அதைச் செருகினால் மணிக்கட்டின் நிலையை உடனே காட்டிவிடும். மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மடிந்தால் கை அடிமட்டத்தை மேலே தள்ளும். உள்ளங்கைப் பக்கம் மடிந்தால் கைக்கும் அடிமட்டத்துக்கும் நடுவே இடைவெளி விழும். மட்டமாக இருந்தால் இரண்டும் ஒட்டிக் கிடக்கும். தளர்பிடியோடு பந்தின் முன் நின்றபோது அடிமட்டம் அநேகமாக ஒட்டிக் கிடந்தது. அதே இடத்தில் அதே மட்டையை வன்பிடியில் பிடித்தபோது, நான் எதுவும் செய்யாமலே கை அடிமட்டத்தைத் தள்ளியது. வன்பிடி என்பது, தொடக்கத்திலேயே மணிக்கட்டில் புறங்கைப் பக்கமாக ஒரு சிறு குழிவை வைத்துக்கொண்டு வருகிறது என்பதை அப்படித்தான் கண்டுகொண்டேன்.

அங்கிருந்து மீதிக் கணக்கு எளிது. நடுப்பிடிக்காரர் வீச்சின் உச்சியில் இடது மணிக்கட்டை மட்டமாக வைத்தால் மட்டையின் முகம் முறையான நிலையில் இருக்கும். வன்பிடிக்காரர் அதே மட்ட நிலைக்கு வந்தால் முகம் மூடிக்கொள்ளும். அவருக்குத் தொடக்கத்தில் இருந்த சிறு குழிவு உச்சியிலும் இருக்க வேண்டும். தளர்பிடிக்காரருக்கோ மட்டமும் போதாது. முகம் திறக்காமல் இருக்க மணிக்கட்டைச் சற்று வில்போல் வளைக்க வேண்டும். அதாவது "உச்சியில் மணிக்கட்டு மட்டமாக இருக்க வேண்டும்" என்ற அறிவுரை ஒரேயொரு பிடிக்கு மட்டுமே பொருந்தும். எல்லோருக்கும் அதையே சொல்வது, எல்லாக் காணிக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுப்பதுபோல.

பெரிய ஆட்டக்காரர்களின் காட்சிகளைத் திரும்பப் பார்த்தபோது அவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு இணைப்பை வைத்திருந்தது தெரிந்தது. பென் ஹோகன் இளமையில் ஹூக்கால் பெரும் அவதிப்பட்டவர். இடது கையைத் தளர்பிடிக்குத் திருப்பி, உச்சியில் மணிக்கட்டைக் குழித்து, முகத்தை வேண்டுமென்றே திறந்து வைத்து அந்த நோயைத் தீர்த்துக்கொண்டார். 1955இல் அமெரிக்காவின் லைஃப் இதழில் அதைத் தம் இரகசியமாக வெளியிட்டார். ஹூக் அடிப்பவருக்கு அது மருந்து; என்னைப் போன்ற ஸ்லைஸ்காரர் அதைப் பின்பற்றினால் நஞ்சு. 2021இல் அமெரிக்க ஓப்பனையும் 2023இல் மாஸ்டர்ஸையும் வென்ற ஸ்பெயினின் ஜோன் ராம் தளர்ந்த பக்கப் பிடியை வைத்து மணிக்கட்டை வளைக்கிறார்; ஒன்றை மற்றது சமப்படுத்துகிறது. டஸ்டின் ஜோன்சனோ வன்பக்கப் பிடியோடு வளைவையும் சேர்க்கிறார். அவ்வளவு மூடிய முகத்தைச் சமாளிக்க, பந்தைத் தொடும்போது அவருடைய இடுப்பும் நெஞ்சும் வெகுவாக இலக்கை நோக்கித் திறந்திருக்கின்றன. நாள் முழுவதும் வெயிலில் நின்று அளவெடுத்து முதுகு பிடித்துப்போன ஒருவன் அந்த இடுப்பை எங்கே போய் வாங்குவது? அவருடைய மணிக்கட்டை மட்டும் இரவல் வாங்கியது என் அறியாமை.

கடற்கரை மணல் எனக்கு இன்னொன்றையும் காட்டித் தந்தது. ஈர மணலில் ஒரு கோடு கிழித்து, பந்து அந்தக் கோட்டில் இருப்பதாக எண்ணி வீசினால், மட்டை மணலைக் கிழித்த தடம் கோட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பது பொய் சொல்லாது. தளர்பிடிக் காலத்தில் என் தடம் எப்போதும் கோட்டுக்குப் பின்னால், அதாவது பந்துக்கு முன்னதாகவே மணலில் விழும். முகம் திறந்திருப்பதை உடல் உணர்ந்து, கடைசி நேரத்தில் வலது கையால் மட்டையின் தலையை முன்னே தள்ளிவிட, இடது மணிக்கட்டு நிலைகுலைந்து குழிந்துவிடும். சிரட்டையால் தண்ணீர் கோருவதுபோன்ற ஓர் அசைவு. பிடியும் மணிக்கட்டும் பொருந்திய பின் அந்தக் கோரல் தானாகவே குறைந்தது. தடம் கோட்டைத் தாண்டி நான்கு விரல் அகலம் முன்னே நகர்ந்தது. அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் நான் செய்யவில்லை.

வலது கையையும் மறக்கக் கூடாது. கிரிக்கெட்டில் கீழ்க்கை வலிமையாக இருந்த எனக்கு அதை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. வலது உள்ளங்கையின் ஆயுள்ரேகை இடது பெருவிரலை மூடும்படி வைத்து, நடு விரலும் மோதிர விரலும் மட்டும் கைப்பிடியைத் தாங்கினால் போதும். வீச்சின் உச்சியில் வலது மணிக்கட்டு, தாம்பாளம் ஏந்துபவரின் மணிக்கட்டைப்போலப் பின்னே மடிந்திருக்கும்; பந்தைத் தொடும்போதும் அந்த மடிப்பில் ஒரு பகுதி எஞ்சியிருக்க வேண்டும். வலது கை கைப்பிடிக்குக் கீழே அதிகம் உருண்டிருந்தால் முகம் மூடும். மேலே அதிகம் ஏறியிருந்தால் தோளால் இழுத்து அடிக்கத் தூண்டும். இரண்டு கைகளின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உண்டாகும் கவட்டுக் கோடுகள் ஒரே திசையைக் காட்டினால் இரண்டு கைகளும் சண்டையின்றி வேலை செய்யும். எனக்கு இரண்டும் வலது தோளைக் காட்டுகின்றன.

இரு கைகளையும் எப்படி இணைப்பது என்பதில் ஆட்டக்காரர்கள் மணிக்கணக்காக வாதாடுவார்கள். வலது சுண்டுவிரலை இடது விரல்களின் மேல் ஏற்றி வைப்பது, பிரித்தானிய ஓப்பன் கிண்ணத்தை 1896 முதல் 1914 வரை ஆறு முறை வென்ற ஹரி வார்டன் பரப்பிய முறை. சுண்டுவிரலையும் ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்வது ஜாக் நிக்லஸும் டைகர் வூட்ஸும் கையாண்ட முறை. பத்து விரலாலும் பிடிப்பது சிறுவருக்கும் கை மூட்டுவாதம் உள்ளோருக்கும் ஏற்றது. நான் மூன்றையும் அடிமட்டத்தோடு சோதித்துப் பார்த்தேன். கை உருண்டிருக்கும் அளவு மாறாதவரை மணிக்கட்டின் நிலை அநேகமாக மாறவில்லை. என் விரல்கள் குட்டையானவை என்பதால் கோத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் உயிருள்ள பறவையைப் பிடிப்பதை உவமை சொன்னார். எனக்கு அதைக் கற்றுத் தந்தது என் மச்சானின் மண்வெட்டி. வரம்பு கட்டிக்கொண்டிருந்த அவர், என் மட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் முன்பு பிடித்த விதத்தைக் காட்டச் சொன்னார். "இப்படிப் புடிச்சா ஒரு வரம்பு முடியிறதுக்குள்ள கை கொப்பளிச்சிரும் மச்சான். மறுகா மண்வெட்டியும் சொன்ன இடத்துல விழாது" என்றார். அவர் தம் மண்வெட்டியைத் தூக்கும்போது பிடி விரல்களில்தான் கிடந்தது. மண்ணில் விழும் நொடியில் மட்டும் இறுகி, மறுபடி தளர்ந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். அவருடைய இடது கையிலும் மூன்று கணுக்கள்.

நம்மூர்க் காலநிலையில் இறுக்கம் வேறொரு வழியாகவும் வந்து சேரும். காலை எட்டு மணிக்கே உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. வியர்த்தால் மட்டை நழுவும். நழுவினால் கை தன்னையறியாமல் இறுக்கும். இறுக்கினால் முன்கைத் தசை கல்லாகி மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். என் பழைய மட்டைகளின் றப்பர் உறைகள் வயதாகி வழவழத்துப் போயிருந்தன. புதிய உறைகள் கொழும்பிலிருந்து வரும்வரை, இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். ஓரளவு பிடிமானம் திரும்பியது. பட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் நாடாவை மேலே சுற்றிப் பார்த்ததும் உண்டு. கைப்பிடி தடித்துவிட்டதால் மணிக்கட்டின் அசைவு குறைந்து, பந்து மறுபடி வலப்பக்கம் போகத் தொடங்கியது, கழற்றி எறிந்துவிட்டேன். குழிக்குள் பந்தை உருட்டும் மட்டைக்கு மட்டும் இந்த விதிகளெல்லாம் தலைகீழ். அங்கே மணிக்கட்டு அசையவே கூடாது என்பதால், நான் கைவிட்ட பழைய உள்ளங்கைப் பிடியை அந்த மட்டைக்கு மட்டும் திரும்ப அழைத்துக்கொண்டேன்.

பிடியை மாற்றிய முதல் மூன்று வாரங்கள் கை அந்நியமாகவே இருக்கும். அந்தக் காலத்தில் பந்து அடிப்பதைக் குறைத்துக்கொண்டு, தொலைக்காட்சி பார்க்கும்போதும் மட்டையைக் கையில் எடுத்து, கணுக்களை எண்ணி, பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துப் பழகினேன். ஒரு தடவைக்கு இருபது முறையென்று ஒரு நாளில் இரண்டு தடவை. பிறகு இடுப்பளவு வீச்சு. அதன் பிறகே முழு வீச்சு. முழு வீச்சுக்கு அவசரப்பட்ட நாளெல்லாம் பழைய ஒற்றைக் கணு திருட்டுத்தனமாகத் திரும்பி வந்தது. கடந்த ஆண்டு சீனக்குடாவுக்குப் போனபோது பதினெட்டுக் குழிகளில் நான்கு முறை மட்டுமே வலப்பக்கப் பற்றைக்குள் பந்தைத் தேடினேன். இடப்பக்கம் எத்தனை முறை தேடினேன் என்பதை எழுதாமல் விடுகிறேன்.

இப்போது அக்காவின் மகள், பன்னிரண்டு வயதுக்காரி, ஞாயிறு காலைகளில் என்னோடு கல்லடிக் கடற்கரைக்கு வருகிறாள். குட்டையாக வெட்டிய மட்டையொன்றும் நான்கைந்து பிளாஸ்டிக் பந்துகளும் அவளிடம் உண்டு. முதல் நாள் அவளுடைய கைப்பிடியில், மூன்று கணுவுக்கு ஏற்ற இடத்தில் பெருவிரலுக்கென்று வெள்ளைப் பேனையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அவள் அந்தக் கோட்டில் விரலை வைத்து அடித்த பந்துகளெல்லாம் இடப்பக்கம் அலையை நோக்கி ஓடின. மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தொங்கவிடச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, எனக்கு ரெண்டுதான் தெரியுது" என்றாள். பழைய கோட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, சற்று இடப்பக்கமாகப் புதிய கோடொன்றைப் போட்டேன்.